ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப என்னென்ன வேண்டும்?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டைப் பக்கத்தில் எங்கள் தெருவில் தென்னை மரங்கள் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்து கிடந்தன. மூன்றாம் நாளிலிருந்து சரக்கு ஆட்டோவில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஆட்கள் வீடு வீடாக வரத் தொடங்கினார்கள். மணிக்கணக்கில் வாடகை. மோட்டாரை ஓட்டி மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, வயரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கைபேசிகளைச் சொருகிவிட்டு அதைச் சுற்றி நிற்பார்கள்.

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் பலர் சொந்தமாக ஜெனரேட்டர் வாங்கினார்கள். நாங்களும் வாங்கினோம். ஆனால் வீட்டில் பெரும்பாலும் இருப்பவர் அம்மா ஒருவர்தான். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய அவரால் முடியாது. அவருடைய இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. "இது தானாக ஓடாதா?" என்று அவர் கேட்ட நாளிலிருந்துதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

தானாக ஓடும். அதற்கான பெட்டி கடையில் கிடைக்கிறது. ஆனால் கடைக்குப் போகும் பலரும் அந்தப் பெட்டியில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு உண்டு. கரண்ட் போனால் வீட்டில் எவை ஓட வேண்டும் என்பது ஒன்று. தெருக்கம்பத்திலிருந்து வரும் மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் எந்த நொடியிலும் சந்திக்காதபடி எப்படித் தடுப்பது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் ஜெனரேட்டரைத் தானியங்கியாக்குவது, பிரேக் பார்க்காமல் வண்டியைச் சாலையில் இறக்குவதற்குச் சமம்.

எது ஓட வேண்டும்?

ஜெனரேட்டரின் மேல் 3 கே.வி.ஏ., 5 கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும். பொதுவாக அதை 0.8-ஆல் பெருக்கினால், அது எத்தனை கிலோவாட் தரும் என்று தெரியும். 5 கே.வி.ஏ. என்றால் சுமார் 4 கிலோவாட். ஒரு சாதாரண மின்விசிறி 75 வாட், எல்.இ.டி. பல்பு 9 வாட், ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 முதல் 200 வாட், மிக்ஸி 500 முதல் 750 வாட், ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1,500 வாட், கீசர் 2,000 முதல் 3,000 வாட். கூட்டிப் பார்த்தாலே கீசரும் ஏ.சி.யும் இந்தக் கணக்கில் இடம்பெறக் கூடாது என்று புரிந்துவிடும்.

கணக்கு அதோடு முடிவதில்லை. தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் போன்றவை கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட்டை இழுக்கும். ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். உள்ளே ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் அந்த மோட்டார் எடுப்பது 1,000 வாட்டுக்கு மேல் இருக்கும், அதாவது 5 ஆம்பியர் அளவு. கிளம்பும் நொடியில் அதுவே 25, 30 ஆம்பியரைத் தொடும். அதனால்தான் தாளில் 3 கே.வி.ஏ. போதும் என்று கணக்கு வந்தாலும், மோட்டார் சுவிட்சைப் போட்டதும் ஜெனரேட்டர் இருமுகிறது, விளக்குகள் மங்குகின்றன, சில நேரம் இஞ்சினே நின்றுவிடுகிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் மோட்டாரைக் கிளப்புங்கள். அது நிலையாக ஓடத் தொடங்கிய பிறகு ஃபிரிட்ஜையும் விசிறியையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். அந்த 3 கே.வி.ஏ.யே சில வீடுகளுக்குப் போதுமானதாகிவிடும். இந்த வரிசை மாறினால் அதே 3 கே.வி.ஏ. போதாது.

தானியங்கிப் பெட்டி வைத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆகவே வீட்டு வயரிங்கை இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், கைபேசி சார்ஜர், இணைய மோடம், தண்ணீர் மோட்டார் ஆகியவை ஒரு டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியில் இருக்கட்டும். ஏ.சி., கீசர், இண்டக்ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் இன்னொரு பெட்டியில். ஜெனரேட்டருக்கு முதல் பெட்டி மட்டும்தான் தெரிய வேண்டும். வீடு கட்டும்போதே இதைச் சொன்னால் எலக்ட்ரீஷியனுக்குச் சின்ன வேலை. பூச்சு முடிந்த பிறகு சொன்னால் சுவரைக் கொத்த வேண்டியிருக்கும்.

இரண்டு மின்சாரமும் சந்திக்கக் கூடாது

புயலுக்குப் பிந்தைய நாட்களில் உறவினர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். வயரின் இரு முனைகளிலும் பிளக்கை மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை ஹாலில் இருந்த 15 ஆம்பியர் சாக்கெட்டிலும் சொருகியிருந்தார். வீடு முழுவதும் விளக்கு எரிந்தது, அவருக்கு மகிழ்ச்சி. மெயின் சுவிட்சை இறக்கினாரா என்று கேட்டேன். "இறக்கினதாகத்தான் ஞாபகம்" என்றார்.

மெயின் சுவிட்ச் மேலே இருந்தால் என்ன ஆகும்? ஜெனரேட்டரின் 230 வோல்ட் மீட்டர் வழியாக வெளியே போகும். தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை நம் வீட்டு அளவுக்குக் குறைத்துத் தருகிறது. அதற்குத் திசை தெரியாது. கீழ்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் நுழைந்தால் அதே விகிதத்தில் உயர்த்தி மேல்பக்கத்தில் கொடுத்துவிடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கம்பியைத் தொடுவார். கம்பிகளுக்கு எர்த் ராடு மாட்டிவிட்டு ஏற வேண்டும் என்று அவர்களுக்கு விதி இருக்கிறது; ஆனால் பதினைந்து நாளாகத் தூங்காமல் வேலை செய்யும் ஒருவருடைய உயிரை அந்த ஒரு விதியின்மேல் மட்டும் ஏற்றிவைக்க நமக்கு உரிமை இல்லை. போதாக்குறைக்கு, அந்த வயரின் ஒரு பிளக் கழன்று வந்தால் அதன் வெளியே நீட்டிய பின்களில் உயிருள்ள மின்சாரம் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரி வயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே வெட்டிப் போடுங்கள்.

இதற்கு முறையான விடை சேஞ்ச் ஓவர் சுவிட்ச். கைப்பிடி மேலே இருந்தால் இ.பி., கீழே இருந்தால் ஜெனரேட்டர், நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சேர அந்தச் சுவிட்சின் அமைப்பே இடம் கொடுக்காது. தானியங்கி அமைப்பில் இந்தக் கைப்பிடியின் வேலையைக் காண்டாக்டர்கள் என்ற இரண்டு மின்காந்தச் சுவிட்சுகள் செய்கின்றன. ஒன்று இ.பி.க்கு, ஒன்று ஜெனரேட்டருக்கு.

எங்கள் வீட்டுப் பெட்டியை எலக்ட்ரீஷியன் திறந்து காட்டியபோது, பக்கத்தில் பக்கமாக இருந்த இரண்டு காண்டாக்டர்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு துண்டைக் காட்டினார். உள்ளே சீசா பலகை போன்ற ஒரு சிறு நெம்புகோல். இடது காண்டாக்டரை ஸ்குரூடிரைவரால் அழுத்தினார். வலது பக்கம் இறுகிக்கொண்டது, எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகவில்லை. விட்டுவிட்டு வலதை அழுத்தினார்; இடது இறுகியது. "மத்ததெல்லாம் கெட்டாலும் இது காப்பாத்தும்" என்றார். இதற்குப் பெயர் மெக்கானிக்கல் இன்டர்லாக். இதற்கு மேல், ஒரு காண்டாக்டர் சேர்ந்திருக்கும்போது மற்றதன் காயிலுக்குக் கரண்ட்டே போகாதபடி வயரிங்கிலும் ஒரு பூட்டு உண்டு. இரண்டும் வேண்டும். காண்டாக்டரின் முனைகள் சில சமயம் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது மென்பொருள் என்ன கட்டளையிட்டாலும் அது பிரியாது; எதிர்ப்பக்கத்தைச் சேரவிடாமல் தடுக்க அந்தப் பிளாஸ்டிக் பலகைதான் இருக்கும். ரிலே போர்டும் மைக்ரோகண்ட்ரோலரும் வைத்து வீட்டிலேயே இதைச் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: எப்போது கிளப்புவது, எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் நிரல் முடிவு செய்யட்டும். இரண்டு மின்சாரமும் சந்திக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மட்டும் நிரலிடம் கொடுக்காதீர்கள்.

நியூட்ரலையும் மறக்கக் கூடாது. ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டால், மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கலாம். நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்சாக, ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு போல் (pole), மூன்று ஃபேஸ் வீட்டுக்கு நான்கு போல் என்று கேட்டு வாங்குங்கள். ஜெனரேட்டருக்கு எர்த் எப்படிக் கொடுப்பது, அதன் நியூட்ரலை எங்கே எர்த்துடன் இணைப்பது என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தானியங்கி என்ன செய்கிறது?

இந்தத் தானியங்கிப் பெட்டியைக் கடைகளில் ஏ.எம்.எஃப். பேனல் என்பார்கள். மின்சாரம் மாறும் பகுதியை மட்டும் ஏ.டி.எஸ். என்பார்கள். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள ஜெனரேட்டருக்குத்தான் இது பொருந்தும். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறும் பழைய வகை இதற்குச் சரிப்படாது.

கரண்ட் போனதைப் பெட்டி உடனே அறிந்துகொள்ளும். ஆனால் உடனே எதுவும் செய்யாது. 10 முதல் 30 நொடி வரை காத்திருக்கும். மட்டை கம்பியில் உரசினாலோ துணைமின் நிலையத்தில் லைனை மாற்றினாலோ சில நொடிகளில் கரண்ட் திரும்பிவிடும். அதற்கெல்லாம் இஞ்சினைக் கிளப்பிக்கொண்டிருக்க முடியாது. நேரம் கடந்தும் வரவில்லை என்றால் சில நொடிகள் செல்ஃப் அடிக்கும். கிளம்பாவிட்டால் விட்டு, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி அடிக்கும். பெரும்பாலும் மூன்று முறை. அப்போதும் கிளம்பாவிட்டால் முயற்சியை நிறுத்திவிட்டு அலாரம் கொடுக்கும். விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வீணாகிவிடும். பெட்ரோல் இஞ்சினுக்குக் குளிர்ந்த நிலையில் சோக்கை இழுத்து, ஓடியதும் தள்ள வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சிறு மோட்டார் வேண்டும். டீசலில் இந்தத் தொல்லை இல்லை.

இஞ்சின் ஓடத் தொடங்கியதும் சுமையை ஏற்றிவிடக் கூடாது. வோல்டேஜ் 230 அருகிலும் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் அருகிலும் நிலைபெற வேண்டும். வீட்டு ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றுதான் அந்த 50 ஹெர்ட்ஸைத் தருகின்றன. வேகம் தளர்ந்தால் அலைவெண்ணும் தளரும். நிலைபெற்ற பிறகே, இ.பி. காண்டாக்டர் பிரிந்திருக்கும் நிலையில், ஜெனரேட்டர் காண்டாக்டர் சேரும்.

கரண்ட் திரும்பும்போது பெட்டி இன்னும் பொறுமை காட்டும். மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை இ.பி. வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நீண்ட மின்தடைக்குப் பின் வரும் கரண்ட் ஒன்றிரண்டு முறை வந்து போகும். வோல்டேஜும் ஏறி இறங்கும். அந்த ஆட்டம் அடங்கிய பிறகுதான் வீட்டை இ.பி.க்கு மாற்றும். அப்போதும் ஜெனரேட்டரை உடனே நிறுத்தாது. சுமையில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, சூடு தணிந்ததும் நிறுத்தும்.

நம் ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் போய்விடுவது. தெருவில் பாதி வீடு இருட்டாகவும் பாதி வெளிச்சமாகவும் இருக்கும். பலர் வீட்டில் உயிருள்ள ஃபேஸுக்குத் திருப்பிக்கொள்ள செலக்டர் சுவிட்ச் வைத்திருப்பார்கள். மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால், ஜெனரேட்டருக்கு முன்னால் தானாக ஃபேஸ் மாற்றும் ஒரு கருவியையும் வைத்துக்கொள்ளலாம். அதனால் மிச்சமாகும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று ஃபேஸ் மோட்டாரை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது.

இன்வெர்ட்டருடன் வேலையைப் பகிர்வது

என்னைக் கேட்டால், பெரும்பாலான மின்தடைகளுக்கு ஜெனரேட்டரே தேவையில்லை. இன்வெர்ட்டர் இமைப்பொழுதில் மாறிவிடும், சத்தமில்லை, புகையில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கிறது. பேட்டரியை அடியோடு வற்றவிடாமல், மாற்றத்தில் ஏற்படும் இழப்பும் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 1 யூனிட். நான்கு பழைய விசிறிகள் 300 வாட் எடுத்தால் மூன்று மணி நேரம். அவற்றுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளைப் போட்டால் எட்டு மணி நேரம். பெரிய ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசிறியை மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டும் இருக்கும் வீட்டில், கரண்ட் போனதும் ஜெனரேட்டர் கிளம்ப வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரியின் வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கிளம்பு என்று வைக்கலாம்; அல்லது ஒரு மணி நேரம் கடந்தும் கரண்ட் வராவிட்டால் கிளம்பு என்று வைக்கலாம். நள்ளிரவில் அரை மணி நேர மின்தடைக்காகத் தெருவையே எழுப்ப வேண்டியிருக்காது. புயல் போன்ற நீண்ட தடையின்போது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் போதும். அதற்குள் தொட்டி நிரம்பும், பேட்டரி ஏறும், ஃபிரிட்ஜ் குளிரும். ஆனால் மூடியே வைத்திருந்தாலும் ஃபிரிட்ஜ் குளிரைத் தாங்குவது சுமார் நான்கு மணி நேரம்தான்; அதைத் தாண்டிய இடைவெளிக்கு அதை நம்ப முடியாது. இன்சுலினை மட்டும் ஐஸ் கட்டியோடு ஒட்டாமல் தனிப் பெட்டியில் வையுங்கள், உறைந்தால் அது வீண்.

சில இன்வெர்ட்டர்கள் ஜெனரேட்டர் கரண்ட்டை ஏற்க மறுக்கும். கணினிக்கான குறுகிய வோல்டேஜ் வரம்பில் அவற்றின் சுவிட்ச் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பின்பக்கத்தில் இருக்கும் அந்தச் சுவிட்சைச் சாதாரண வகைக்கு மாற்றிப் பாருங்கள். கூரையில் ஆன்-கிரிட் சூரியத் தகடு போட்டிருப்பவர்கள் கவனிக்க: கரண்ட் போனால் அதுவும் லைன்மேனின் பாதுகாப்புக்காக நின்றுவிடும். அதன் இணைப்பு சேஞ்ச் ஓவருக்கு முன்னால், இ.பி. பக்கமே இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்தில் இருந்தால், ஜெனரேட்டரையே இ.பி. என்று நம்பி அதற்குள் மின்சாரத்தைத் தள்ளும்.

புகை, பேட்டரி, பெட்ரோல்

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொல்லும். கையால் கிளப்பும் ஜெனரேட்டரை ஓட்டுபவர் விழித்திருப்பார். தானியங்கியோ எல்லோரும் தூங்கும்போது கிளம்பும். ஆகவே மழைக்கு ஒதுக்கமாக இருக்கிறதே என்று போர்டிகோவிலோ மாடிப்படிக்குக் கீழோ வைத்துவிட்டுத் தானியங்கியாக்காதீர்கள். வீட்டிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைபோக்கி வீட்டுக்கு எதிர்த்திசையைப் பார்க்கும்படி, மேலே கூரையும் நான்கு பக்கமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்கு இன்னொரு பேட்டரி வாங்குவதே மேல்.

ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு இஞ்சினைவிட அந்தச் சின்ன 12 வோல்ட் ஸ்டார்ட்டிங் பேட்டரிதான் அடிக்கடி காரணம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. பேனல் பொருத்திய முதல் மழைக்காலத்தில் ஓர் இரவு கரண்ட் போனது, பெட்டி மூன்று முறை "டிக், டிக்" என்றது, அவ்வளவுதான். நான்கு மாதமாகச் சார்ஜ் ஏறாமல் பேட்டரி செத்திருந்தது. பொருத்தியவர் சார்ஜர் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இ.பி. இருக்கும்போதெல்லாம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் சிறு சார்ஜர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பெட்ரோலும் நிற்க நிற்கக் கெடும்; கார்புரேட்டரில் பிசினாகப் படியும். கையால் ஓட்டுபவர்கள் குழாயை மூடிவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அதைக் காலி செய்வார்கள். தானியங்கியில் குழாயைத் திறந்துவைத்தே ஆக வேண்டும் என்பதால், இஞ்சின் கிளம்பும்போது திறந்து, நிற்கும்போது தானாக மூடிக்கொள்ளும் சொலினாய்டு வால்வை எரிபொருள் குழாயில் பொருத்தச் சொல்லுங்கள். ஆயிலைப் பார்க்கவோ பிளக்கைக் கழற்றவோ கை வைப்பதற்கு முன் பேனலை "ஆஃப்" நிலைக்குத் திருப்பி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகலாம். உள்ளே இருப்பது உங்கள் கை என்று அதற்குத் தெரியாது.

மாதம் ஒருமுறை இ.பி. மெயினை நாமே இறக்கிச் சோதிக்க வேண்டும். வீட்டுச் சுமையோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். வெறுமனே ஓடினால், அதிலும் டீசல் என்றால், கரி படியும். எங்கள் வீட்டில் இந்த வேலை அம்மாவுடையது. முதல் ஞாயிறு காலையில் மெயினை இறக்கிவிட்டு, சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்தபடி ஹாலில் நிற்பார். விசிறி மறுபடி சுழன்றதும் நாள்காட்டித் தாளில் நொடிகளை எழுதிவைப்பார். 42, 43, 42 என்றே வந்துகொண்டிருந்தது. போன மாதம் 58 ஆனதும் எனக்கு போன் செய்தார். இரண்டாம் முறை செல்ஃப் அடித்துத்தான் கிளம்பியிருக்கிறது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, இறுக்கினோம். இந்த மாதம் 42.